வெள்ளிக்கிழமை லாரி

பீர் முகமதுவின் லாரி ஏற்றத்தில் இழுக்க மறுத்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கியரை இறக்கிப் பார்த்தார். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துப் பார்த்தார். வண்டி கொஞ்சம் போவதும், நின்று யோசிப்பதும், மறுபடி ஒரு தாவு தாவுவதுமாக இருந்தது. பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்தே உயிரை வாங்கினான்.

"இன்னா நைனா, நட்டநடு ரோட்ல நிக்கிறீங்க?" என்றான் முன்னால் இன்னொரு லாரியில் போய்க்கொண்டிருந்த மகன் இலியாஸ்.

"நான் எங்கடா நிக்கிறேன்? வண்டி நிக்குது."

கூடத்தில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்த சாகிரா நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்காரர் நாற்காலியில்தான் இருந்தார். மகன் சார்ஜாவில் இருந்தான். இரண்டு லாரியும், ரோடும், ஏற்றமும், அந்த அவசரக் கார்க்காரனும் எல்லாமே மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் திரைக்குள் இருந்தன.

அதை விளையாட்டு என்று சொன்னால் பீர் முகமதுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஓட்டுறேன்" என்றுதான் சொல்லுவார். இதே பெட்டியை இலியாஸ் சென்னையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்து நடுவீட்டில் வைத்தபோது அவர் போட்ட கூச்சல் செஞ்சி காந்தி பஜார் வரைக்கும் கேட்டது. "வளந்த ஆம்பள பொட்டி முன்னாடி குந்திகினு டமால் டுமீல்னு சுட்டுகினு கீறான். வெளிய ஒரு லாரி நிக்குது, அத எடுத்து ஓட்ட துப்பில்ல" என்றார். லாரி எனக்கு வேணாம் என்று மகன் பாஸ்போர்ட் எடுத்தான். விடியுமுன் கிளம்பி ஏர்போர்ட்டுக்குப் போனவனை வாசல்வரைகூட வந்து வழியனுப்பவில்லை அப்பன்.

பிறகு பீர் முகமதுவுக்கு நெஞ்சுவலி வந்தது. பாண்டிச்சேரியில் வைத்துப் பார்த்த டாக்டர் இனி லோடு வண்டி பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். செஞ்சி நெல்லையும் அரிசியையும் பெங்களூருக்கும் பாலக்காட்டுக்கும் சுமந்த வண்டியைத் திண்டிவனத்துக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். வாசலில் அது நின்ற இடத்தில் ஆயில் சொட்டிச் சொட்டிக் கறுத்த திட்டு ஒன்று மிச்சம். சாகிராவும் சோப்புத்தூள் போட்டு எத்தனையோ தடவை தேய்த்துவிட்டாள், போகவில்லை.

லீவில் வந்த இலியாஸ், அப்பா நாற்காலி போட்டு அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அடுத்த நாள் சென்னைக்குப் போய் ஒரு ஸ்டீயரிங்கும் மிதிக்கிற பெடல்களும் வாங்கி வந்து கம்ப்யூட்டரில் பொருத்தினான். "சும்மா குந்திப் பாருங்க நைனா" என்றான். "ரைட்ல போவச் சொல்றான். எந்த ஊர்ரா இது, கிறுக்குப் புடிச்ச ஊரு?" என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்த மனிதர், பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து வெள்ளிதோறும் சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் இரண்டு பேரும் கிளம்புவார்கள். மகன் சார்ஜாவில் தன் ரூமிலிருந்து. அப்பன் செஞ்சியில் இந்தக் கூடத்திலிருந்து. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி.

சாகிராவுக்கு லாரி முக்கியமில்லை. போனில் பேசினால் அப்பனுக்கும் மகனுக்கும் "நல்லாகீறியா", "இருக்கேன் நைனா", "உங்கம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதற்கு மேல் வராது. பழைய மனத்தாங்கல் போனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் ரோட்டில் இறங்கிவிட்டால் இரண்டு பேர் வாயும் மூடாது. மகனுக்கு முட்டி வலி என்பதும், கூட இருக்கிற மலையாளத்துப் பையனிடம் மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டான் என்பதும், ஒரு பெருநாள் அன்று பாத்ரூமில் போய் அழுதான் என்பதும் சாகிராவுக்கு லாரி ஸ்பீக்கர் வழியாகத்தான் தெரியும். மல்லாட்டைத் தோலை நெரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை மட்டும் உடைப்பு மெதுவாக நடக்கும்.

அந்த லாரிதான் இப்போது இழுக்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் இலியாஸ் போனிலேயே வைத்தியம் பார்த்தான். அணைத்துப் போடச் சொன்னான். போட்டார். தேவையில்லாததை எல்லாம் அழிக்கச் சொன்னான். அழித்தார்.

"கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூணையும் அமுக்குங்க நைனா."

"அமுக்கிட்டேன்."

"இன்னா வந்துச்சி?"

"ஒண்ணும் வர்ல."

"சேத்து அமுக்கினீங்களா, ஒண்ணொண்ணா அமுக்கினீங்களா?"

"மூணையும் அமுக்குன்ன, அமுக்கினேன். சேத்துன்னு நீ எங்க சொன்ன?"

மகன் பெருமூச்சு விடுவது ஸ்பீக்கரில் கேட்டது. வேலை முடிந்து வந்த அலுப்பு அவனுக்கு. வெயில் வேறு. இங்கே அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டிருந்தது. பகலெல்லாம் காய்ந்த ராஜகிரிக் கோட்டைப் பாறை பொழுது சாய்ந்த பிறகும் ஊர்மேல் அனலை விட்டுக்கொண்டிருந்தது.

"நைனா, கோச்சிக்காதீங்க. நெட்ல எதனா அமுக்கினீங்களா? பரிசு வுழுந்துச்சி, லாட்டரி வுழுந்துச்சின்னு எதனா வந்துச்சா? வைரஸ் ஏறியிருக்கும்."

"நான் எதையும் தொடல."

"தொடாம எப்படி திடீர்னு ஸ்லோ ஆவும்? உங்களுக்கு எதுவும் சொன்னா புரியாது. எப்பவுமே அப்படித்தான்."

அந்த 'எப்பவுமே'தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பீர் முகமது பெடலிலிருந்து காலை எடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். சாகிரா போனை எடுத்தபோது மகன் குரலும் இறங்கியிருந்தது.

"வுடும்மா. பழசாயிடுச்சி அது. யாருக்காச்சும் குடுத்துடு. போன்லியே பேசிக்கலாம்."

போனிலேயே பேசிக்கொள்வதாம். அவர்கள் போனில் பேசிக்கொள்ளும் லட்சணம் சாகிராவுக்குத் தெரியாதா?

வைரஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் கண்ணேறு என்றால் தெரியும். போன மாதம் பக்கத்து வீட்டு மாரியம்மாள் முறம் கேட்டு வந்தவள், கூடத்தில் அப்பனும் மகனும் சிரித்த சிரிப்பைக் கேட்டு நின்றுவிட்டாள். "எம்மாடி, கடல் தாண்டி இருக்கிற புள்ளையோட இப்படியா சிரிச்சிப் பேசுவாங்க? எங்க வூட்ல ஒரே கூரைக்கடியில இருந்துகினு மூஞ்சிகூடப் பாத்துக்கறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்லவள்தான், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. இருந்தாலும் சொன்னது சொன்னதுதானே.

லாரி இருந்த காலத்தில் வண்டி லோடு ஏற்றிக் கிளம்பும்போதெல்லாம் சாகிரா சாம்பிராணிச் சட்டியோடு வாசலுக்கு வருவாள். கொட்டாங்குச்சிக் கங்கில் தூளைத் தூவி, முன்கண்ணாடி, ரேடியேட்டர், சக்கரங்கள், ஸ்டீயரிங் என்று ஒன்று விடாமல் காட்டி, வாய்க்குள் ஓதி ஊதுவாள். பீர் முகமது ஓரமாக நின்று பீடி குடித்தபடி கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். புகை காட்டாமல் அந்த வண்டி தெருமுனையைத் தாண்டியதே கிடையாது. அத்தனை வருசத்தில் ஒரு பெரிய விபத்தும் கிடையாது.

அவர் பெட்டியில் ஓட்டத் தொடங்கியதும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து மேசைக்கடியில் நின்ற பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு, அதன் முன்னால் சட்டியை வைப்பாள். முன்பக்கம் கலர் கலராகச் சுற்றும் விசிறிகள் புகையை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம். லாரிக்குக் காட்டினால் பாதிப் புகை காற்றோடு போகும். இது ஒரு இழை விடாமல் குடித்தது. மாரியம்மாள் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து தினமும் காட்டினாள். வண்டி படுத்த பிறகு, போதவில்லை போலிருக்கிறது என்று கைநிறைய அள்ளிப் போட்டுக் காலையும் மாலையும் காட்டினாள். அது இன்னும் மோசமாகப் படுத்தது.

மூன்று வேளை சோற்றையும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போகிற மனிதரைப் பார்க்கச் சகிக்காமல், சாகிராவே பஜாருக்குப் போய்க் கலைமதியைப் பார்த்தாள். உரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். "தூக்க வுடமாட்டார்மா. வண்டிய இழுத்துகினு போனா அவரு மனசு தாங்காது. நீதான் வரணும்" என்றாள் சாகிரா.

கலைமதி வந்தது அமாவாசையன்று. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதில் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டே வந்ததாகச் சொன்னாள். டீ வேண்டாம் என்று மோர் வாங்கிக் குடித்தாள். துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா இப்படி, பாய்?"

"பத்துப் பதினஞ்சு நாளா இருக்கும். நான் ஒண்ணும் தொடலம்மா" என்றார் பீர் முகமது, கேட்காமலே.

"தொட்டீங்கன்னு நான் சொல்லல. கெளம்பும்போதே இழுக்கலியா, கொஞ்சம் ஓடினப்புறம் இழுக்கலியா?"

இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை. மனிதர் முகம் தெளிந்தது. "கெளம்பும்போது நல்லாத்தான் கெளம்புது. டவுனத் தாண்டி ஏத்தத்துக்கு வர்றதுக்குள்ள படுத்துக்குது. அணைச்சிட்டு டீ குடிச்சிட்டு வந்து போட்டா மறுபடி நல்லாப் போவுது."

"அப்ப வைரஸ்லாம் இல்ல. எதுக்கும் பாத்துடறேன்."

பார்த்தாள். கூடவே கிளம்பி ஓடுகிற வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினாள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். வைரசும் இல்லை, மண்ணும் இல்லை. பிறகு திரையின் ஓரத்தில் சூட்டைக் காட்டும் எண்ணை வரவழைத்துவிட்டு, "நீங்க ஓட்டுங்க பாய்" என்று எழுந்து இடம் கொடுத்தாள்.

பீர் முகமது ஓட்டினார். எண் ஏறியது. விசிறிச் சத்தமும் ஏறியது. மார்க்கெட் கமிட்டி வாசலில் நெல் லாரிகள் வரிசையாக உறுமுவதைவிட இந்தச் சத்தம் பெரிதாக இருந்தது. எண் நூறை நெருங்கியபோது லாரி நொண்ட ஆரம்பித்தது.

"பாத்தீங்களா? கொதிக்குது. கொதிச்சா அதுவே வேகத்தக் கொறச்சிக்கும், எரிஞ்சிபோவாம இருக்கறதுக்கு. ரிப்பேர் இல்ல, தப்பிச்சிக்கப் பாக்குது. காத்து உள்ள போவல."

"ரேடியேட்டர் அடைப்பா?"

"அதேதான்."

அணைத்து, ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியை மேசைமேல் ஏற்றிப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். கழற்றியதும் கூடம் முழுக்க ஒரு வாசனை எழுந்தது. சாகிராவுக்கு அது என்ன வாசனை என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

உள்ளே பார்த்தால் சூட்டைத் தணிக்கிற மெல்லிய தகடுகளுக்கு நடுவில் ஈர்க்குச்சி நுழைய இடமில்லை. விசிறிகளில் அடுப்பங்கரைச் சுவரில் படிவதுபோல் பிசுபிசுப்பாகக் கறுப்பு ஒட்டியிருந்தது. அதன்மேல் நெல் காலத்துத் தூசியெல்லாம் வந்து அப்பிக்கொண்டிருந்தது.

கலைமதி விரலால் தொட்டுப் பார்த்தாள். "வெறும் தூசின்னா ஊதினா போயிடும். இது பிசின் மாதிரி இருக்குது. பாய், இங்க குந்திகினு பீடி புடிப்பீங்களா?"

"ஐயோ, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தப்புறம் தொடவேயில்லம்மா. அல்லா மேல ஆணையா."

கலைமதி நம்பாத மாதிரி சிரித்தாள். பீர் முகமது மனைவியைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பதுபோல. மகன் ஒரு பழி போட்டான். இப்போது இந்தப் பெண் ஒன்று. அந்த முகத்தைச் சாகிரா பார்த்தாள். சும்மா நின்றுவிட்டால் கதை இத்தோடு முடிந்துவிடும், பெட்டியும் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாது. நிற்க முடியவில்லை.

"அவரு இல்லம்மா. நான்தான். சாம்பிராணி காட்டினேன்."

"எதுக்கு?"

"இதுக்குத்தான்" என்று பெட்டியைக் காட்டினாள்.

கலைமதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்குரூடிரைவரை எடுத்தாள். "எனக்கு பிரஷ், பஞ்சு, ஒரு பழைய துணி வேணும்மா. வெளிய வெளிச்சத்துல குந்தலாம்."

முற்றத்தில் உட்கார்ந்து மூன்று பேருமாகத் துடைத்தார்கள். கலைமதி விசிறிகளைக் கழற்றிக் கொடுக்க, சாகிரா ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்தாள். பஞ்சு கறுக்கக் கறுக்க அவளுக்கு அவமானமாகவும் இருந்தது, தான் காட்டிய புகை எதுவும் வீணாகவில்லை என்று ஒரு ஓரத்தில் பெருமையாகவும் இருந்தது. பீர் முகமது பிரஷ்ஷால் தகடுகளைத் தேய்த்தார். கலைமதி சூடு கடத்துகிற பசையைத் தடவி எல்லாவற்றையும் பூட்டினாள். உள்ளங்கையை முகர்ந்து பார்த்து, "நானே மலையனூர் போய் வந்த மாதிரி இருக்குதும்மா" என்றாள். போட்டுப் பார்த்தபோது எண் பாதிக்கு மேல் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது. லாரி ஏற்றத்தில் சர்ரென்று போயிற்று.

"இனிமே புகை மட்டும் வேணாம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

அவள் போன பிறகு பீர் முகமது கையைக் கழுவிக்கொண்டு வந்து சாகிராவின் எதிரில் உட்கார்ந்தார். ஒரு பிடி மல்லாட்டையை அள்ளித் தானும் உடைக்க ஆரம்பித்தார். விதைக்கு உடைக்கும்போது பருப்பு பிளக்கக்கூடாது. அவர் உடைத்தால் பாதி பிளக்கும். இன்று அவள் தடுக்கவில்லை.

"தெனமுமா?"

"ஆமா."

"நான் பள்ளிவாசலுக்குப் போற நேரம் பாத்து?"

"இருந்தா சிரிப்பீங்க."

"ஏன் சாகிரா, அது எங்கியும் போவுலியே. நாலு செவுத்துக்குள்ள நிக்குது. அதுக்கு எதுக்கு புகை?"

"எங்கியும் போவுலியா?" என்றாள் சாகிரா. குரல் அவளை மீறி உடைந்தது. "புள்ளகிட்ட போவுதே. போயிட்டுத் திரும்பி வருதே. நீங்க பெங்களூருக்குப் போனப்பகூட நான் அவ்ளோ பயப்படல. இது நின்னுபோச்சின்னா நீங்க ரெண்டு பேரும் திரும்பவும் ஊமையாப் பூடுவீங்க. நான் எங்க போயிக் கேப்பேன், என் புள்ள இன்னா தின்னான், எப்படித் தூங்கினான்னு?"

பீர் முகமது பிளந்த பருப்பை வாயில் போட்டுக்கொண்டு இன்னொரு பிடி மல்லாட்டையை அள்ளினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. தால்ச்சாவும் சோறும் தின்றுவிட்டுப் படுத்து எழுந்து அசர் தொழுதுவிட்டு வந்தார். சாகிரா முதல் நாளே மகனுக்குச் சொல்லி வைத்திருந்தாள், வண்டி ரெடியாகிவிட்டது, வந்து சேர் என்று. ஸ்பீக்கரில் இலியாஸ் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"நைனா? சரியாயிடுச்சா?"

"ம். ரேடியேட்டர் அடைச்சிருந்துச்சி. நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்."

கூடத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த சாகிராவின் கை நின்றது. பழியை அவர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்.

"இல்லடா இலியாசு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "உங்க நைனா மேல ஒரு தப்பும் இல்ல. வண்டிக்கு சாம்பிராணி காட்டிக் காட்டி நான்தான் அடைச்சி வச்சேன்."

அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. சிரித்து ஓய்ந்ததும் மகன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"நைனா, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது."

"வுடுடா. ரோட்டப் பாத்து ஓட்டு."

சொன்னவர் கிளம்பவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஏதோ யோசித்தார். சட்டென்று எழுந்து கூடத்தைத் தாண்டி வாசலில் இறங்கினார். லாரி நின்ற இடத்தில், அந்தக் கறுத்த ஆயில் திட்டின்மேல் போய் நின்றார்.

"சாகிரா, சட்டிய எடுத்துகினு வா."

"எதுக்குங்க? புகையே வேணாம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே."

"பொட்டிக்குத்தானே வேணாம்னுச்சி. டிரைவருக்குக் காட்டலாமில்ல?"

சாகிரா அடுப்பிலிருந்து கங்கை அள்ளிக்கொண்டு வந்தாள். இத்தனை வருசமாக டயருக்கும் கண்ணாடிக்கும் காட்டியவள், ஓரமாக நின்ற இந்த மனிதருக்கு ஒருநாளும் காட்டியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு பிள்ளை மாதிரி நின்றார். தலையைச் சுற்றி, தோளைச் சுற்றி, முழங்கால்வரை இறக்கிக் காட்டினாள். வாய்க்குள் ஓதி ஊதினாள். மாரியம்மாள் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். பீர் முகமது கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை என்றார்.

உள்ளேயிருந்து மகன் குரல் தெருவரை வந்தது. "நைனா! எங்க பூட்டீங்க? வண்டி மட்டும் நிக்குது!"

"வரேன்டா! உங்கம்மா இன்னும் வழி வுடல" என்று கத்திவிட்டுத் திரும்பியவர் நின்றார். அவருக்குக் காட்டி முடித்த பிறகும் சாகிரா சட்டியை இறக்கவில்லை. மேற்கே திரும்பி நின்று, இன்னொரு தரம் சுற்றினாள்.

"இது யாருக்கு?"

"முன்னாடி போற வண்டிக்கு" என்றாள்.